கெண்டைக்கு இரைப்பை இல்லை: மீன் தீவனத்தில் ‘ஆர்கானிக் ஆசிட்’ போடலாமா?

கேள்வி: “அண்ணா, மன்னார்குடிப் பக்கம் மூணு மா அளவில் குளம் வெட்டி கட்லா, ரோகு, மிருகால் விட்டிருக்கிறேன். தவிடு, கடலைப் பிண்ணாக்கு, கொஞ்சம் மிதவைத் தீவனம் போடுகிறேன். மருந்துக் கடைக்காரர் ‘ஆர்கானிக் ஆசிட்’ என்று ஒரு டப்பா பொடி காட்டுகிறார். கிலோ தீவனத்துக்கு 5 கிராம் கலந்தால் செரிமானம் கூடும், நோய் வராது, தண்ணீரும் சுத்தமாகும் என்கிறார். போடலாமா? மீனைச் சாப்பிடுகிறவர்களுக்குக் கெடுதல் உண்டா?”

தம்பி, உங்கள் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்வது பெரும்பாலும் வேறு மீனுக்கான கணக்கு. உங்கள் குளத்தில் இருக்கும் மூன்றுமே கெண்டை இனம். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் பிறந்த தஞ்சை மண்ணில் ‘ஆர்கானிக்’ என்று சொன்னாலே ரசாயனம் போடாத விவசாயம்தான் நினைவுக்கு வரும். டப்பாவில் இருப்பது அந்த ஆர்கானிக் இல்லை. கார்பனை அடிப்படையாகக் கொண்ட அமிலங்களுக்கு வேதியியலில் வைத்த பொதுப் பெயர் அது. தமிழில் கரிம அமிலம். தயிரைப் புளிக்க வைப்பது லாக்டிக் அமிலம். எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக். காடியில் அசிட்டிக். மாமரத்து முசுறு கடித்தால் எரிகிறதே, அது ஃபார்மிக். நாள்பட்ட வெண்ணெயில் அடிக்கும் சிக்கு வாடை பியூட்டிரிக். நமக்குப் பழகிய சரக்குதான் எல்லாம், கடைக்கு வருவது மட்டும் தொழிற்சாலையில் தயாரானது.

திரவ அமிலம் கையைச் சுடும், இயந்திரத்தை அரிக்கும் என்பதால் அதை உப்பாக மாற்றி விற்கிறார்கள். பொட்டாசியம் டைஃபார்மேட், சோடியம் பியூட்டிரேட், கால்சியம் புரோப்பியோனேட் என்று டப்பாவின் பின்பக்கம் எழுதியிருக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு. எந்த அமிலம், எத்தனை சதவீதம் என்று எழுதாமல் ‘சிறப்புக் கலவை’ என்று மட்டும் இருந்தால் அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் போன்ற தடை செய்யப்பட்ட ஆன்டிபயாடிக் மருந்துகள் மீனில் தென்பட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். என்ன இருக்கிறதென்று தெரியாத பொடி குளத்துக்குள் போகவே கூடாது.

இந்த அமிலங்கள் தீவனத்துக்குள் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பின்லாந்தின் விர்டானென் என்ற வேதியியலாளர் பசுந்தீவனத்தில் அமிலம் சேர்த்துக் கெடாமல் வைக்கும் முறையைக் கண்டார். 1945இல் நோபல் பரிசும் பெற்றார். மீன் கழிவில் ஃபார்மிக் அமிலம் சேர்த்துக் கூழாக்கி வைக்கும் பழக்கம் அதே வழியில் வந்தது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம், வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை 2006 ஜனவரி 1 முதல் முழுதாக நிறுத்தியது. அந்த இடத்தை நிரப்ப பன்றிப் பண்ணைகளிலும் கோழிப் பண்ணைகளிலும் கரிம அமிலம் பரவியது. மீனுக்கும் இறாலுக்கும் அங்கிருந்துதான் வந்தது. பன்றிக்கு இரைப்பை உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒரத்தநாடு பக்கம் ஒரு நண்பரின் குளத்தில் வலை இழுத்த அன்று நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். காலையில் தீவனம் போட்டு, வயிறு நிறைந்திருந்த நேரம். வலையில் வந்த ஒரு ரோகுவையும் ஒரு ஜிலேபிக் கெண்டையையும் எடுத்து, வாழையிலையில் வைத்து வயிற்றைக் கீறினேன். ரோகுவில் தொண்டைக்குக் கீழே பை என்று எதுவும் இல்லை. முன்பகுதி கொஞ்சம் பருத்த ஒரு குழாய், நேரே குடலாக நீள்கிறது. உள்ளே பழுப்பாகத் தவிட்டுக் குழம்பு. சுருளைப் பிரித்துக்கொண்டே போனால் வாழையிலையின் நீளம் போதவில்லை. உள்ளே இருந்த குழம்பில், புளிப்பை அளக்கும் பி.எச். தாளை வைத்தேன். பச்சையாகவே நின்றது, ஏறக்குறைய 7, புளிப்பும் இல்லை காரமும் இல்லை. அடுத்து ஜிலேபி. பெயரில்தான் கெண்டை, இனம் வேறு. 1952இல் இந்தியாவுக்கு வந்த திலேப்பியா அது. அதன் வயிற்றில் கட்டைவிரல் நுனி அளவு ஒரு சின்னப் பை. அதை அழுத்தி வந்த சாற்றில் அதே தாளைத் தொட்டதும் சிவந்துவிட்டது. ஒரே குளம், ஒரே தீவனம், ஒரே காலை. ஒரு மீனின் வயிற்றில் அமிலக் குடுவை, இன்னொன்றில் வெறும் குழாய்.

கட்லா, ரோகு, மிருகால், புல்கெண்டை, சாதாக் கெண்டை எதற்கும் இரைப்பை கிடையாது. விரால், கெளுத்தி, பங்கேசியஸ், கொடுவா, திலேப்பியா எல்லாவற்றுக்கும் உண்டு. கடைக்காரரிடம் இருக்கும் துண்டறிக்கையைப் பாருங்கள். அதில் உள்ள படம் பெரும்பாலும் திலேப்பியாவாகவோ இறாலாகவோதான் இருக்கும்.

இரைப்பை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். கரிம அமிலம் கிருமியைக் கொல்லும் விதம் சுவாரசியமானது. அமில மூலக்கூறு பிரியாமல் முழுதாக இருக்கும்போதுதான் கிருமியின் தோலைக் கடந்து உள்ளே போகும். கிருமியின் உள்பக்கம் நடுநிலையாக இருப்பதால் அங்கே போனதும் அது பிரிந்து ஹைட்ரஜன் அயனியை விடும். உள்ளே புளிக்கப் புளிக்க, அதை வெளியே இறைத்துத் தள்ளவே கிருமி தன் சக்தி முழுவதையும் செலவழிக்கும். பெருகுவதற்குத் தெம்பு இருக்காது. பழைய சோற்றில் ஊற்றிய தண்ணீர் மறுநாள் புளித்து, ஆனால் அழுகாமல் இருக்கிறதே, அதில் நடப்பதும் இதுதான்.

ஆனால் முழுதாக நுழைவதற்கு வெளியே புளிப்பு இருக்க வேண்டும். பி.எச். 4 உள்ள, அதாவது நல்ல புளிப்பான, இரைப்பையில் ஃபார்மிக் அமிலத்தில் நூற்றுக்கு 36 மூலக்கூறு முழுதாக இருக்கும். பி.எச். 7 உள்ள கெண்டைக் குடலில் பத்தாயிரத்துக்கு 6தான் முழுதாக இருக்கும். மீதி எல்லாம் பிரிந்து, கிருமியின் வாசலிலேயே நின்றுவிடும். திலேப்பியாவில் பொட்டாசியம் டைஃபார்மேட்டை 0.2 முதல் 0.5 சதவீதம் வரை கொடுத்து நல்ல பலன் கண்ட ஆய்வுகள் இருக்கின்றன, நான் மறுக்கவில்லை. அதே பலனைக் கட்லாவிடம் எதிர்பார்த்துப் பணம் போடாதீர்கள் என்கிறேன். கெண்டைகளில் செய்த ஆய்வுகளில் பலன் காட்டியவையும் உண்டு, ஒன்றும் காட்டாதவையும் உண்டு. பலன் காட்டிய இடங்களில் அமிலம் கிருமியைக் கொன்றதைவிட, குடல் சுவரின் செல்களுக்கு உணவாகியதும் தாதுக்களை அவிழ்த்துக் கொடுத்ததுமே காரணம் என்பது என் கணிப்பு. பியூட்டிரேட்டைக் குடல் செல்கள் எரிபொருளாகவே பயன்படுத்துகின்றன.

தாது என்றேனே, உங்களுக்கு உண்மையில் உதவக்கூடிய இடங்களில் அது ஒன்று. இதை யாரும் கடையில் சொல்வதில்லை.

தவிட்டிலும் பிண்ணாக்கிலும் பாஸ்பரஸ் நிறைய இருக்கிறது. ஆனால் பெரும்பகுதி பைட்டேட் என்ற கட்டுக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கும் நொதி மீனுக்கு இல்லை. தின்ற பாஸ்பரஸ் அப்படியே கழிவாகக் குளத்துக்குப் போகும். நாம் காசு கொடுத்து வாங்கிய தாது, மீனின் எலும்புக்குப் போகாமல் பாசிக்கு உரமாகிறது. தண்ணீர் கரும்பச்சையாகி, விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கெண்டைக்கு இது இரட்டைச் சோதனை. தாது உப்பாகக் கொடுத்தாலும் கரைக்க அமிலம் வேண்டும், அதனிடம் அமிலம் இல்லை. சாதாக் கெண்டையில் அளந்த பழைய கணக்கு ஒன்று உண்டு: மோனோகால்சியம் பாஸ்பேட்டில் உள்ள பாஸ்பரஸில் 94 சதவீதத்தை அது எடுத்துக்கொண்டது, டைகால்சியத்தில் 46, டிரைகால்சியத்தில் வெறும் 13. இரைப்பை உள்ள டிரவுட் மீனில் அதே மூன்றும் 94, 71, 64. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி, தாது உப்பு வாங்கப் போகும்போது சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்குப் போடும் டி.சி.பி.யை, அதாவது டைகால்சியம் பாஸ்பேட்டை, வாங்கி மீன் தீவனத்தில் கொட்டுகிறவர்கள் டெல்டாவில் நிறையப் பேர். பாதி குளத்தின் அடிச்சேற்றுக்குத்தான் போகிறது.

இங்கே சிட்ரிக் அமிலம் கைகொடுக்கிறது. அது தாதுக்களைப் பிடித்துக் கரையும் நிலையில் வைத்துக்கொள்ளும். பைட்டேட்டின் பூட்டையும் தளர்த்தும். மும்பையில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தில் ரோகு குஞ்சுகளுக்கே இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 3 சதவீத சிட்ரிக் அமிலத்தோடு, பைட்டேட்டைத் திறக்கும் பைட்டேஸ் நொதியும் சேர்ந்தபோது எலும்பில் தாது ஏறுவது கூடியது. நம் மீனில், நம் நாட்டில் செய்த வேலை என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு அதிகம். ஆனால் 3 சதவீதம் என்றால் கிலோவுக்கு 30 கிராம். கடைக்காரர் சொல்லும் 5 கிராமைப்போல் ஆறு மடங்கு. வளர்ப்புக் குளத்துக்கு அது கட்டுப்படியாகாது. குஞ்சு வளர்க்கும் நாற்றங்காலில், தீவனம் குறைவாகச் செலவாகும் அந்த முதல் சில வாரங்களுக்கு வேண்டுமானால் யோசிக்கலாம். பெரிய மீனுக்கு மோனோகால்சியம் பாஸ்பேட்டும், முடிந்தால் பைட்டேஸும் போதும்.

அடுத்து பூஞ்சை. ஐப்பசி அடைமழையில் நம் ஊர்க் கொட்டகை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒருமுறை நானே சுவரோரம் அடுக்கிய கடலைப் பிண்ணாக்கு மூட்டை ஒன்றை அவிழ்த்தேன். மேலே பொன்னிறமாக நன்றாகத்தான் இருந்தது. கையை விட்டு அடியில் துழாவியபோது வெதுவெதுப்பு. வெளியே குளிர் மழை, மூட்டைக்குள் மட்டும் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சூடு. கட்டியை உடைத்தால் உள்ளே மஞ்சளும் பச்சையுமாகத் தூள். அன்று வரை அதே அடுக்கிலிருந்துதான் மீனுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது.

அந்தப் பூஞ்சை விடும் நஞ்சு அஃப்ளாடாக்சின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, காரணம் தேடிப் போய்க் கண்டது இறக்குமதியான கடலைப் பிண்ணாக்கு. மீனில் இது கல்லீரலைத் தின்னும். மீன் உடனே சாகாது. தின்னும், வளராது, சின்னச் சீக்குக்கும் தாங்காது. நீங்கள் தண்ணீரைக் குறை சொல்வீர்கள், குஞ்சைக் குறை சொல்வீர்கள்; மூட்டையைத் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள்.

கால்சியம் புரோப்பியோனேட் இந்தப் பூஞ்சையைத் தடுக்கும். பேக்கரி ரொட்டியில் போடுவதும் இதையேதான். தீவனம் அரைத்து வைக்கும்போதே கிலோவுக்கு 2, 3 கிராம் சீராகக் கலந்துவிட வேண்டும். முளைத்த பிறகு போட்டால், பூஞ்சை நிற்கலாம், விட்ட நஞ்சு அப்படியே இருக்கும். வெயிலில் காயவைத்தாலும் முழுதாகப் போகாது, இந்த அமிலத்தாலும் போகாது. அந்த மூட்டையை மீனுக்கும் போடாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். என்னைக் கேட்டால், கெண்டை வளர்க்கும் டெல்டா விவசாயிக்குக் கரிம அமிலத்தில் போட்ட காசு நிச்சயமாகத் திரும்புகிற ஒரே இடம் இந்தக் கிடங்குதான். அதற்கும் முன்னால் பலகை போட்டு மூட்டையைத் தரையிலிருந்து உயர்த்துங்கள், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள், ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் சரக்கையே வாங்குங்கள்.

“நோய் வராது” என்பதற்கு வருகிறேன். மார்கழிக் குளிரில் கெண்டைக்கு வரும் புண் நோய் பூஞ்சை போன்ற ஓர் உயிரியால் தோலில் தொடங்குவது; தீவனத்தில் போடும் அமிலம் அதைத் தொடாது. மீன் பேனையும் தொடாது. நம் பக்கத்துக் கெண்டைக் குளங்களில் பாதித் தொல்லை இந்த இரண்டும்தான். மழைக்கு முன்பே சுண்ணாம்பு போடுவதும், வாய்க்கால் வழியாகக் காட்டு மீன் ஏறாமல் மதகில் வலை கட்டுவதும் இதற்குச் செய்ய வேண்டியவை. குடல் வழியாக வரும் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாத் தொற்றில் அமிலம் ஓரளவு உதவலாம். அதையும் தடுப்பாக மட்டும் நினையுங்கள். நோய் வந்த மீன் முதலில் நிறுத்துவது தீனியைத்தான். தின்னாத மீனுக்குத் தீவனத்தில் என்ன கலந்தாலும் போய்ச் சேராது.

வேதாரண்யம், சீர்காழிப் பக்கம் வனாமி இறால் வளர்ப்பவர்கள் இதை நிறையப் பயன்படுத்துகிறார்களே என்று கேட்கலாம். அவர்களுடைய எதிரி விப்ரியோ பாக்டீரியா. அங்கே ஒரு பயிர் போனால் லட்சங்கள் போகும், ஆன்டிபயாடிக் தொடவும் முடியாது, அதனால் அவர்கள் கணக்கு வேறு. வெள்ளைப் புள்ளி வைரஸுக்கு அவர்களுக்கும் இது உதவாது.

தண்ணீர் சுத்தமாகும் என்பதை மட்டும் அடியோடு மறந்துவிடுங்கள். மூணு மா, அதாவது ஓர் ஏக்கர் குளம், ஐந்தடித் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 60 லட்சம் லிட்டர். ஒரு பருவம் முழுக்கப் போடும் 15 கிலோ பொடி அதில் என்ன செய்துவிடும்?

15 கிலோ எப்படி வந்தது என்று சொல்கிறேன், அதில்தான் காசுக் கணக்கும் இருக்கிறது. நீங்கள் முழுக்க மிதவைத் தீவனத்துக்கே மாறி 2,000 கிலோ மீன் எடுக்கிறீர்கள், ஒரு கிலோ மீனுக்கு ஒன்றரைக் கிலோ தீவனம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தீவனம் 3,000 கிலோ. கிலோவுக்கு 5 கிராம் வீதம் பொடி 15 கிலோ. பொடி கிலோ 300 ரூபாய், தீவனம் 45 ரூபாய் என்றால், 4,500 ரூபாய்ப் பொடி 100 கிலோ தீவனத்தை மிச்சப்படுத்தினால்தான் போட்ட காசு வரும். அதாவது ஒன்றரை என்பது 1.45 ஆக வேண்டும். விலையை உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு சிறிய வித்தியாசத்தை வீச்சு வலையில் 20 மீன் பிடித்து எடை போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. “போட்டேன், நன்றாக வளர்ந்தது” என்று யாராவது சொன்னால், போடாமல் இருந்தால் எப்படி வளர்ந்திருக்கும் என்று கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் போட்டுப் பார்க்க ஆசை என்றால், போடும் விதத்தைச் சரியாகச் செய்யுங்கள். நான் பார்த்த குளங்களில் பாதிப் பொடி மீன் வாய்க்குப் போவதே இல்லை. இந்த உப்புகள் தண்ணீரில் சட்டென்று கரைபவை. காய்ந்த மிதவைத் தீவனத்தில் பொடியைத் தூவிக் கிளறிப் போட்டால், ரோகு வந்து வாய் வைப்பதற்குள் கழுவிப் போய்விடும். ஒரு கிலோ தீவனத்துக்கான பொடியைக் கால் தம்ளருக்கும் குறைவான தண்ணீரில் கரைத்து, தார்ப்பாயில் பரப்பிய தீவனத்தின்மேல் தெளித்துப் புரட்டுங்கள். நிழலில் அரை மணி ஆறவிடுங்கள். பிறகு இரண்டு மூன்று தேக்கரண்டி மீன் எண்ணெயோ கெட்டிக் கஞ்சியோ பூசி, மறுபடி உலர்த்திப் போடுங்கள். பிடித்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு கைப்பிடியை மழைநீர் உள்ள தம்ளரில் போட்டு, முன்னும் பின்னும் பி.எச். தாளை வையுங்கள். ஐந்து நிமிடத்தில் நிறம் பெரிதாக மாறிவிட்டால் உங்கள் அமிலம் தண்ணீருக்குப் போய்விட்டது. தவிடு பிண்ணாக்கு உருண்டை என்றால் பிசையும்போதே கலந்துவிடலாம், இந்தத் தொல்லை குறைவு.

மலிவாகக் கிடைக்கிறதே என்று ரப்பர் தோட்டத்துக்குப் போகும் திரவ ஃபார்மிக் அமிலத்தை வாங்கி வராதீர்கள். அதன் ஆவி கண்ணைக் கெடுக்கும், பட்ட இடம் வெந்துபோகும். வீட்டில் குழந்தைகள் நடமாடும் இடத்தில் அந்தக் கேன் இருக்கவே கூடாது.

சாப்பிடுகிறவர்களுக்குக் கெடுதல் உண்டா என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. கெடுதல் இல்லை. சிட்ரிக் அமிலம் மீன் உடலிலும் நம் உடலிலும் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் ஓயாமல் உண்டாகி எரிந்துகொண்டிருக்கும் பொருள். மற்றவையும் எரிந்து கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் போய்விடும், சதையில் தங்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே ஆன்டிபயாடிக்கைவிட அமிலம் ஆயிரம் மடங்கு மேல்.

உங்களுக்கு ஒரே குளம் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துக் குளத்துக்காரரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் இருவரும் ஒரே பண்ணையில், ஒரே நாளில் குஞ்சு வாங்கி, ஏக்கருக்கு ஒரே எண்ணிக்கையில் விடுங்கள். தீவனமும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒருவர் மட்டும் பொடி கலக்கட்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஐம்பது மீனாவது எடை போட்டு, போட்ட தீவனத்தோடு நோட்டில் எழுதுங்கள். ஒரு பருவத்துக் கணக்கு கையில் இருந்தால் நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப் போய்க் காட்டலாம், எனக்கும் அனுப்பலாம்.

அதற்கு முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். கால்சியம் புரோப்பியோனேட் என்று இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். குளத்தங்கரைக்குக் கொண்டுபோக வேண்டாம், பிண்ணாக்கு இருக்கும் கொட்டகையில் வையுங்கள்.